பீலியில் ஒரு சிட்டிகை வண்டல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரோடு இருப்பதே ஓர் அதிசயம், அது மறந்துபோகாமல் இருக்கத் தினமும் காலையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நன்றி சொல்லுங்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நோக்கத்தில் குறையில்லை. கண்ணை மூடச் சொன்ன இடத்தில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. காரைக்குடி வட்டாரப் பள்ளிகளில் உயிரியலும் இயற்பியலும் நடத்தியவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். வியப்பு நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வராது. கையில் ஒரு வேலையும் அதற்கு ஓர் அளவும் வேண்டும்.

முதலில், வியப்பு ஏன் மங்குகிறது என்பதைத் தாளிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைத் தாளின் நடுவில் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, சந்தனத்தையோ மஞ்சளையோ நீர்க்கக் கரைத்து, ஓரம் தெரியாதபடி விரலால் ஒரு தீற்று. உலர்ந்ததும் தாளை ஒரு அடி தூரத்தில் பிடித்துப் புள்ளியை மட்டும் இமைக்காமல் பாருங்கள். பத்து இருபது வினாடிக்குள் தீற்று காணாமல் போகும். இமைத்தால் திரும்பி வரும். சிலருக்கு மறைவதே இல்லை. தீற்றின் ஓரம் அழுத்தமாக இருந்திருக்கும், அல்லது அவர்கள் பார்வை புள்ளியை விட்டு நகர்ந்திருக்கும். 1804-இல் டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் எழுதிவைத்த விஷயம் இது. மாறாமல் இருப்பதை நரம்பு கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. தலையில் வைத்த மல்லிகை வைத்தவருக்கு மணக்காமல், எதிரே வருபவருக்கு மணப்பதும் இதே கணக்குத்தான். இது உடலின் பழுதன்று. புதிதாக வருவதைக் கவனிக்க இடம் விடுகிற ஏற்பாடு. ஆகவே வியக்கப் புதுப் பொருள் தேடி ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. பழைய பொருளையே வேறோர் அளவில் வைத்துப் பார்த்தால் நரம்பு அதைப் புதிதாகவே எடுத்துக்கொள்ளும்.

செட்டிநாட்டில் அப்படிப் பார்க்கத் தகுந்த பொருள் எது என்று கேட்டால் எல்லோரும் பர்மாத் தேக்குத் தூணையும் இத்தாலியப் பளிங்கையும் காட்டுவார்கள். நாங்கள் காட்டுவது வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின், மேலே ஓட்டுக்கூரை முடிகிற இடத்தில் ஓடும் தகரப் பீலியை. மழைநீரைச் சேர்த்து முற்றத்து அண்டாவில் விடுகிற அந்தப் பீலியின் அடியில், மாசி பங்குனியில் கரிய வண்டல் காய்ந்து பொருக்காகக் கிடக்கும். ஆள் வைத்துச் சுரண்டிக் குப்பையில் கொட்டுவார்கள். அதில் ஒரு சிட்டிகைக்குள் இரண்டு உலகம் இருக்கிறது.

ஒன்று உயிருள்ளது. 1702-இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் லீவென்ஹூக் தன் வீட்டுக் கூரைப் பீலியின் காய்ந்த வண்டலை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அவர் துணி வியாபாரி. துணியின் இழையை எண்ணிப் பார்க்க லென்ஸ் பிடிக்கிற தொழில் அது. சற்று நேரத்தில் வண்டலுக்குள்ளிருந்து பிராணிகள் எழுந்து ஊர்ந்தன. ஒரு வணிகர் தன் வீட்டுக் கூரையில் கண்டதை இங்குள்ள வணிகர் வீடுகளில் காண முடியாதா? முடியும். செய்முறை இது.

வண்டலை எடுக்கும்போது பச்சை கலந்த பாசிப் பொருக்கு உள்ள இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெறும் மண்ணில் ஆள் குறைவு. பறவை எச்சம் கலந்திருக்கும் என்பதால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம். ஒரு தேக்கரண்டிப் பொருக்கை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு, விரல் நகம் முங்கும் அளவு மட்டும் தண்ணீர் விட வேண்டும். மழைநீர் அல்லது கொதித்து ஆறிய நீர் உத்தமம். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்திருந்து பிறகு விடலாம். தண்ணீரை ஆழமாக ஊற்றுவதுதான் பலரும் செய்கிற தவறு. அடியில் காற்று கிடைக்காமல் உள்ளே இருப்பவை விறைத்துப்போகும்.

அரை மணியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். நான்கு மணி நேரத்தில் கூட்டம் நன்றாகத் தெரியும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் வேறு நுண்ணுயிர் பெருகி நாற்றம் எடுக்கும். பாசியை இரு விரலால் பிழிந்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, தட்டின் அடியிலிருந்து சொட்டுக்குழாயால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி. மேலே மூடும் மெல்லிய கண்ணாடியை அப்படியே வைத்தால் நசுங்கிவிடும். இரண்டு தலைமுடியைக் குறுக்கே போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். பள்ளி நுண்ணோக்கியின் மிகக் குறைந்த லென்ஸே போதும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கும், அதிலும் பார்க்கலாம். ஓடுகிற பிராணியைத் துரத்திப் பிடிக்கத்தான் அதில் கை பழக வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது ரோட்டிஃபர் என்ற நுண்பிராணி. அட்டைபோல் நீண்டும் சுருங்கியும் நகரும். ஓரிடத்தில் ஊன்றியதும் தலையில் இரண்டு சக்கரம் விரியும். சக்கரம் சுற்றுவதுபோல் தெரிவது, வட்டமாக நிற்கும் நுண்மயிர்கள் வரிசையாக அசைவதால். அந்தச் சுழலில் நீரில் மிதக்கும் துணுக்கெல்லாம் வாய்க்குள் போகும். மார்புப் பக்கம் ஓர் அரைவை எந்திரம் இயங்கிக்கொண்டே இருக்கும். வண்டலில் வாழும் இந்த வகையில் ஆண் என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. சாட்டைபோல் துடிப்பவை நூற்புழுக்கள். அவற்றைத் தள்ளிவிட்டுத் தேடுங்கள். அவசரமே இல்லாமல், மூட்டை சுமக்கிற ஆள்போல அசைந்து, எட்டுக் காலும் நுனியில் நகமுமாக ஒன்று போனால் அது நீர்க்கரடி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு வீட்டு வண்டலில் இல்லையென்றால் மூன்று வீடு பாருங்கள். புதிதாக வர்ணம் அடித்த சுவரையொட்டிய பீலியில் தேடுவது வீண்.

இவை அதுவரை எங்கே இருந்தன? கை வைத்தால் சுடுகிற ஓட்டின் ஓரத்தில், தகரத்தில், உலர்ந்து தூசோடு தூசாகக் கிடந்தன. நீர்க்கரடி காலை உள்ளிழுத்துப் பீப்பாய்போலச் சுருங்கி, உடம்பின் நீரில் மிகச் சிறிதே மிச்சம் வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மூச்சும் செரிமானமும் அளந்து பார்க்க முடியாத அளவுக்கு நின்றுவிடும். சைபீரியாவின் உறைமண்ணில் சுமார் 24,000 ஆண்டு கிடந்த ஒரு ரோட்டிஃபர், உருக்கியதும் எழுந்து இனம் பெருக்கியதாக 2021-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காய்ந்து கிடந்தபோது அது உயிரோடு இருந்ததா, செத்துப் பிழைத்ததா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு வாத்தியார் உடனே விடை சொல்லிவிடக் கூடாது என்பது எங்கள் கட்சி. அறிவியலும் அதற்குச் செத்தது, பிழைத்தது இரண்டிலும் சேராத தனிப் பெயர்தான் வைத்திருக்கிறது.

வண்டலில் மீதியை அந்த இரண்டாவது உலகத்தைப் பார்க்க எடுத்துக்கொள்ளலாம். வானத்திலிருந்து தினமும் மிக நுண்ணிய கல்தூசு பூமியின்மேல் விழுகிறது. ஊர்த் தூசில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றுதான் வெகு காலம் சொல்லிவந்தார்கள். நார்வே நாட்டு ஜாஸ் கிட்டார் கலைஞர் யோன் லார்சன் அதை ஒப்பாமல் கூரைக் கூரையாகத் தேடினார். லண்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2017-இல் அவர் வெளியிட்ட கணக்கு: ஓஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைப் பீலிகளின் 300 கிலோ வண்டலில் 500 துகள். கிலோவுக்கு இரண்டுகூட இல்லை. செட்டிநாட்டு வீட்டுக் கூரையின் பரப்பு தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் கை அரிக்க வேண்டும்.

ஒரு கிலோ வண்டலை வாளியில் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் நாலு சொட்டு விட்டு, அரிசி களைவதுபோல் கலக்கி, மிதக்கும் சருகையும் கலங்கல் நீரையும் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் தெளியும்வரை பத்துத் தடவையாவது ஆகும். அடியில் நிற்கும் மணலை எவர்சில்வர் தட்டில் பரப்பி வெயிலில் உலர்த்தி, டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது கால் மில்லிமீட்டர் அளவு. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பாலிதீன் கவருக்குள் போட்டு மணலுக்குச் சற்று மேலே நகர்த்தினால் கறுப்புத் துகள்கள் தாவி ஒட்டும். வேறு தாளின் மேல் கொண்டுபோய்க் கவரிலிருந்து காந்தத்தை உருவினால் எல்லாம் உதிரும். கவரில்லாமல் காந்தத்தை நேரே வைத்தவர்கள் சாயங்காலம்வரை அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உதிர்ந்ததில் முக்கால்வாசி கோணல்மாணலாக இருக்கும். அது நம் ஊர் மண்ணின் இரும்புக் கனிமமும் ஓட்டுத் துணுக்கும். உருண்டையானவற்றைத்தான் பொறுக்க வேண்டும். இங்கேதான் ஏமாற்று. வெல்டிங் பட்டறைப் பொறியும் ஆறினால் உருண்டை. கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் உண்டு, அதன் பொறியும் உருண்டை. இவை பெரும்பாலும் வழவழவென மின்னும், ஓட்டை விழுந்திருக்கும், அல்லது வால் நீண்டிருக்கும். வானத்திலிருந்து வந்தது கறுத்து, மேற்பரப்பில் மெல்லிய கிளைக் கோடுகளோடு இருக்கும். அப்போதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து வேதிக் கலவை பார்க்காமல் உறுதி சொல்லக் கூடாது. திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை என்பது ஊரறிந்தது. 1977-இல் அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பறவைக்காக விட்ட பட்டாசு இந்தத் தேடலுக்கும் உதவும். ஏமாற்று உருண்டை அந்த ஊர்க் கூரைகளில் குறைவாகவே இருக்க வேண்டும். தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

இரும்பு என்றதும் உடம்பு நினைவுக்கு வருகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் மூன்று நான்கு கிராம் இரும்பு உண்டு, பெரும்பகுதி ரத்தத்தில். நம் செம்மண்ணைச் சிவக்க வைத்திருக்கிற இரும்பும், நாடியில் ஓடுகிற இரும்பும், காந்தத்தில் தாவி ஒட்டியதும் ஒரே தனிமம். சூரியன் பிறக்கும் முன்பே வேறு விண்மீன்களின் உள்ளே ஆக்கப்பட்டு வந்தது. இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவது சுலபம். மணிக்கட்டில் பார்த்தால்தான் உறைக்கும்.

சப்பாத்தி மாவில் பட்டாணி அளவு ஓர் உருண்டை. அதில் விரல் நீளத்துக்கு ஈர்க்குச்சி ஒன்றை நட்டு, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுப் பள்ளத்தில் ஒட்ட வைத்து, கையை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். மடித்த துண்டை மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்துக் கையைச் சற்றுப் பின்னுக்கு வளைத்தால் நாடி மேலே எழும்பும். ஈர்க்கின் நுனி டக், டக் என்று ஆடும். ஆடவில்லையென்றால் உருண்டை பெரிது, அல்லது இடம் தப்பு. அரை விரற்கடை நகர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், காற்றிலும் ஈர்க்கு ஆடும். விரலால் நாடி பிடிக்கிறவர்கள் கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு.

முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம். இதயம் தள்ளுகிற ரத்தம் ஒரு துடிப்புக்குத் தோராயமாக 70 மில்லி, நிமிடத்துக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி ஏழு நிரம்பும். மின்வெட்டுக்கு நிற்காத மோட்டார். இதைவிட நுட்பமான ஒன்றை, எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது ஈர்க்கின் ஆட்டம் நெருங்கும், விடும்போது இடைவெளி கூடும். பேரப்பிள்ளைகளிடம் இது நன்றாகத் தெரியும், வயதாக ஆகக் குறையும். அப்பத்தா கையிலும் பேரன் கையிலும் அடுத்தடுத்து ஈர்க்கு நட்டுப் பார்க்கிற வீட்டில் அன்று டிவி ஓடாது. இடையில் தப்பித் துடிப்பது அடிக்கடி தெரிந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐத் தாண்டினாலோ அது வியக்கிற விஷயமில்லை, மருத்துவரிடம் காட்டுகிற விஷயம்.

வானத்துக்கு நுண்ணோக்கிகூட வேண்டாம். காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையில் இருக்கிறது. கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. கண்மாய்க்கரையில் வடக்குப் பார்த்து நின்று, தொடுவானத்தின்மேல் ஒரு முட்டி வைத்தால் அதன் மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம். மங்கலானது, தெருவிளக்குக்கு எதிரே தெரியாது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன நம் முன்னோர் ரங்கூனில் இறங்கியபோது அது ஒன்றரை முட்டிக்கு மேல் ஏறியிருந்தது; பினாங்குக்குப் போனவர்களுக்கு அரை முட்டியாகத் தாழ்ந்திருந்தது. ஊரின் முகவரி அப்படி வானத்தில் எழுதியிருக்கிறது.

சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15, 16 தேதிகளில் பகல் 12.15 மணியளவில் காரைக்குடியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஒரு அடி நீள பிவிசி குழாய்த் துண்டின் இரு முனையையும் சதுரமாக வெட்டி, முற்றத்தில் ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லின்மேல் நிறுத்தினால் வெளியே நிழல் இருக்காது, குழாயின் உள்ளே கல் முழு வட்டமாக ஒளிரும். நிழல் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் கல் சாய்ந்திருக்கிறது என்று பொருள், சூரியன்மேல் பழி போட வேண்டாம். குழாய் வழியாக மேலே பார்க்கவே கூடாது, கண் போய்விடும். மேகம் மறைத்தால் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி மறுபடி ஒரு வாய்ப்பு.

2020-இல் கலிபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லத் தோன்றுகிறது. வாரம் ஒருமுறை கால் மணி நேரம் நடக்கச் சொல்லி, முதியவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும் வியப்பானதைத் தேடி நடங்கள் என்றார்கள். இரு பிரிவினரும் நடையின்போது தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு வாரத்தில், வியப்பைத் தேடியவர்களின் படங்களில் அவர்கள் உருவம் சிறிதாகி, பின்னால் இருப்பது பெரிதாகிக்கொண்டே வந்தது. நம் ஊர் மாளிகைகளின் முகப்பில் எடுக்கப்படும் செல்ஃபிகளில் முகம் எவ்வளவு, முகப்பு எவ்வளவு என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்தால் மறுநாளே சலிக்கும், டிராக்ஸ்லர் தீற்றுப்போல. இதற்கு நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாகச் சேர்த்து, 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பில் அத்தனை இழையையும் ஒரு திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி எடுத்துக்கொள்வது நகரத்தார் வழக்கம். அதே 21 நாளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நாளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணும் ஓர் அலகும் இருந்தாக வேண்டும். “வானம் அழகாக இருந்தது” என்பது செல்லாது. “பொழுது சாய்ந்து 22 நிமிடத்தில் முதல் வௌவால்” என்பது செல்லும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் ராசிபலனுக்குப் பக்கத்தில் மூன்று வரி இடம் ஒதுக்கி, அன்றைய உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு, எந்தக் கோள் எந்தத் திசையில் என்று மாவட்டவாரியாகப் போட முடியுமா? ராசிபலன் குறைய வேண்டாம், இதுவும் இருக்கட்டும். மற்றொன்று வீட்டுக்காரர்களுக்கு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு திறக்கிறபோது ஆசிட்டும் அழுத்தப் பம்பும் கொண்டு சுவரையும் பீலியையும் பளிச்சென்று கழுவிவிடுகிறார்கள். வடக்குச் சுவரில் ஒரு சதுர அடிப் பாசியையும் ஒரு முழ நீளப் பீலியையும் தொடாமல் விடச் சொல்லுங்கள். கோடை மழைக்கு முன் அந்த வண்டலைக் கொஞ்சம் எடுத்துவைக்கலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் போட்டு, தேதியும் எந்தத் தாழ்வாரத்துப் பீலி என்பதும் எழுதி அலமாரியில் வைத்தால், அடுத்த திருவிழாவுக்குப் பிள்ளைகள் வரும்போது நனைத்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.